மானுக்குக் கிடைத்த பொறுமை

மகனே,

நீ இதை வாசிக்கும் நாளில் உனக்கு உன் அப்பாவின் இப்போதைய வயது இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். மீசை வைத்திருப்பாயோ, வேலைக்குப் போவாயோ, எந்த ஊரில் இருப்பாயோ எனக்குத் தெரியாது. இப்போது நீ என் வயிற்றுக்குள் இடது பக்கமாகக் காலை ஊன்றிக்கொண்டு கிடக்கிறாய். மேசைக்குக் கிட்ட இருந்தால் இடிக்கிறாய். கொஞ்சம் தள்ளி இருந்து கையை நீட்டித்தான் எழுதுகிறேன். இன்னும் கொஞ்ச நாளில் ஹம் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய் உன்னைப் பெற்றுவிடுவேன். அதற்குப் பிறகு பேனை பிடிக்கவே நேரம் கிடைக்காது என்று பூசைக்கு வருகிற புஷ்பம் அக்கா சொல்லிவிட்டா. எனக்குப் பத்தொன்பது வயது. மன்னாரில் நாங்கள் இடம்பெயர்ந்தபோது எட்டாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றது. ஆகையால் பிழை இருந்தால் சிரிக்காதே. நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் வராது, கதவு நிலையோடு ஒட்டிக்கொண்டு நிற்பேன். எழுதினால் கொஞ்சம் வரும். இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை. யாரும் வாசிக்கலாம். உன் அப்பா முதலில் வாசித்தால் இன்னும் நல்லது.

பிள்ளைக்கு எழுதுகிற தாய்மார் நன்றாகப் படி, குடிக்காதே, செபம் சொல்லாமல் படுக்காதே என்று எழுதுவார்கள். அதெல்லாம் உனக்கு மற்றவர்கள் சொல்வார்கள். நான் எழுத வந்தது பொறாமை பற்றி. இந்த வசந்தகாலம் முழுக்க எனக்கு நெஞ்சுக்குள் புளித்தபடியே இருந்தது. யாரைப் பார்த்துப் பொறாமை என்று கேட்டால் நீ நம்ப மாட்டாய். ஒரு மானைப் பார்த்து.

நாங்கள் இருப்பது ஜெர்மனியில், ஹம் நகரத்துக்கு வெளியே, ரயில் மணிக்கொரு தடவை நிற்கிற ஒரு கிராமத்தில், ஒரு வீட்டின் மேல்மாடியில். சமைக்கிற குசினியின் யன்னலைத் திறந்தால் ஒரு வயல், வயலுக்கு அப்பால் காடு. உன் அப்பா மரச்சட்டங்களை ஆணியடித்துச் சாமான் அடுக்கும் பலகைகள் செய்கிற தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அங்கே பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிறவள் மார்ட்டினா. முப்பத்தைந்து வயதிருக்கும். ஆம்பிளை மாதிரிக் கட்டையாய் வெட்டிய தலைமயிர், பெரிய கைகள், வயிறு குலுங்கச் சிரிப்பாள். அவளுக்கு வில் விடுவதில் பைத்தியம். இந்த நாட்டில் வில்லால் மானைக் கொல்லச் சட்டம் இடம் கொடுக்காது. அவளுக்கும் கொல்ல ஆசையில்லை. தன் மாமாவின் காட்டில் ஒரு மானை, அம்பு விட்டால் தப்பவே தப்பாது என்கிற தூரத்துக்கு வரப்பண்ண வேண்டும். வந்ததும் வெறும் வில்லின் நாணை இழுத்துப் பிடித்து, மெல்லத் தளர்த்தி இறக்கிவிட்டு, வீட்டுக்குப் போக வேண்டும். அவ்வளவுதான் அவளுடைய விளையாட்டு. சாப்பாட்டு நேரத்தில் அவள் இதைச் சொல்லச் சொல்ல உன் அப்பாவுக்கும் அந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விடிய முன்னம் அவளோடு காட்டுக்குப் போகத் தொடங்கினார்.

"சுடவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. பிறகென்னத்துக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இஞ்சாரும், அது தானாக் கிட்ட வருதே, அதுக்குத்தான்" என்றார்.

வீட்டில் அதிகம் கதைக்காத மனிதர் அந்த இரவுச் சாப்பாட்டில் கதைத்த கதையை நீ கேட்டிருக்க வேணும். தட்டைத் தள்ளிவிட்டு மேசையில் பருப்பை ஒவ்வொன்றாக வைத்து எனக்குக் காட்டினார். மான்கள் பகலில் படுக்கிற பற்றை இது. மேய வருகிற வயல் இது. இரண்டுக்கும் நடுவில் அவை நடக்கிற ஒற்றைத் தடம் இது. அந்தத் தடத்தில் நாங்கள் கை வைக்கவே கூடாது. ஒரு கொப்பை வெட்டினாலும் சரி, ஒரு தீனியைக் கொண்டுபோய் நடுவில் வைத்தாலும் சரி, அவை பயந்து வேறு வழி பிடித்துவிடும். பிறகு அந்த வருடமே போச்சு. ஆகையால் தடத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் ஒரு அடிமரத்தின் மேல் உப்புக்கட்டியை வைப்பது. மழை பெய்ய உப்புக் கரைந்து மரத்தில் வழியும். போகிற வழியில் மான் மணம் பிடித்து, தானாகத் திரும்பி, இரண்டு எட்டு விலகி வந்து நக்கிவிட்டுப் பழைய வழியிலேயே போகும். நாங்கள் இருக்கிற இடத்தில் காற்று மானிடமிருந்து எங்களுக்கு வர வேணும், எங்களிடமிருந்து மானுக்குப் போகக் கூடாது. நாங்கள் போவதும் ஓடைக்கரையால் சுற்றித்தான். எங்கள் கால் அவையின் தடத்தில் படக் கூடாது. அடிக்கடி போகவும் கூடாது. இதையெல்லாம் சொல்லும்போது அவருடைய குரலே மாறிவிட்டது, ராசா. நித்திரை கொள்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் கதைக்கிற மாதிரி.

நான் அந்தப் பருப்புத் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் இந்த நாட்டுக்கு வந்த நாள் நினைவுக்கு வந்தது. அதற்கு முன்னம் அவரைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருந்தேன். பிராங்பேர்ட் விமான நிலையத்தில் பூச்செண்டோடு நின்றார். வீட்டுக்குக் கூட்டிவந்து, அரிசி இஞ்சை இருக்கு, குப்பை இந்த வாளிக்குள்ளை, பேப்பர் அந்த வாளிக்குள்ளை என்று காட்டினார். அடுத்த நாள் விடிய வேலைக்குப் போய்விட்டார். உன் அப்பா கூடாத மனிதர் இல்லை. கை நீட்டியதில்லை, குடிப்பதில்லை. ஆனால் எதற்கும் நேரே வருவார். ஒன்று கேட்டால் உடனே பதில் வர வேணும். எனக்கு உடனே வராது. வராவிட்டால் பதிலே இல்லை என்று நினைத்துக்கொண்டு எழும்பிப் போய்விடுவார். நான் சொல்ல நினைத்தது தொண்டை வரைக்கும் வந்து நிற்கும்போது அவர் கீழே படியில் இறங்கிக்கொண்டிருப்பார். குசினியைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தால் அந்த ஈரத்தின் மேலாலேயே சப்பாத்தோடு நடந்து போவார். வலது சப்பாத்தின் குதியில் ஒரு பிறைத் துண்டு உடைந்து போயிருக்கிறது. அந்தப் பிறையை நான் எத்தனை தரம் துடைத்திருப்பேன். ஒரு மானுக்காக விடிய விடியக் குந்தி இருக்கிற மனிதர், என் பதிலுக்குத் தேத்தண்ணி ஆறுகிற நேரம் கூட இருந்ததில்லை.

இதற்குள் சனத்துக்கு வேறு கதை. மாதத்தில் ஒருநாள் ஹம்மில் தமிழ்ப் பூசை நடக்கும். அவர் வராமல் நான் தனியே வயிற்றைத் தூக்கிக்கொண்டு போனதும், பூசை முடிந்து புஷ்பம் அக்கா என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனா.

"பிள்ளை, மனுசன் எங்கை?"

"காட்டுக்கு, அக்கா."

"ஆரோடை?"

நான் சொன்னேன்.

"ஐயோ மாதாவே! விடியக் காலமை வெள்ளைக்காரியோடை காட்டுக்குப் போறார், நீ தேத்தண்ணிப் போத்தலும் கட்டிக் குடுத்து அனுப்பிறியாக்கும்?"

"ஓம். ரண்டு பேருக்கும்."

"உனக்கென்ன விசரே? அங்கை என்ன செய்யினமாம்?"

"மானுக்குப் பாத்துக்கொண்டிருக்கினமாம்."

"மானோ! நல்ல மான்!" என்று அவ சத்தமாய்ச் சிரிக்க, பக்கத்தில் நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். நான் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மார்ட்டினாவைப் பற்றி எனக்கு ஒரு நாளும் பயம் வரவில்லை என்று சொன்னால் அவ நம்பியிருக்க மாட்டா. மார்ட்டினாவோடு கதைக்கும்போதும் அவர் எதையும் உடைக்கிற மாதிரித்தான் கதைப்பார். அவருடைய குரல் மாறுவது மானின் கதை வரும்போது மட்டும். புஷ்பம் அக்காவுக்கு எப்படிச் சொல்வது, எனக்கு வந்த சக்களத்திக்கு நாலு கால் என்று?

கிழமைகள் போயும் மான் வரவில்லை. உப்புக்கட்டி வைத்தபடியே கிடந்தது. அப்போதுதான் அவருக்கு என் மணம் தெரியத் தொடங்கியது. சனிக்கிழமைகளில்தான் நான் தூள் வறுப்பேன். செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம் எல்லாம் தாச்சியில் போட்டு வறுக்க வீடு முழுக்கக் காரம் ஏறும். குசினிக் கதவில் தொங்குகிற அவருடைய ஜக்கெற்றிலும் ஏறும். "இஞ்சாரும், இந்த மணத்தோடை போனா மான் எங்கை வரும்? சனிக்கிழமை தூள் வறுக்காதையும்" என்றார். சரி என்றேன். பிறகு ஜக்கெற் நிலவறைக்குப் போனது. பிறகு சனிக்கிழமை இரவில் கறியே வேண்டாம் என்றார். மேலில் மணக்குமாம். பாண் துண்டுக்குள் பாலாடைக்கட்டியை வைத்துத் தின்றுவிட்டுப் படுத்தார். நான் வைத்த மீன்குழம்பை நான் மட்டும் தனியே இருந்து சாப்பிட்டேன், உனக்கும் சேர்த்து. பிறகு என் தலை எண்ணெய். தலையணையில் பட்டு அவருக்கு ஒட்டுகிறதாம். இந்தக் குளிரில் என் தலை வறண்டு வெடித்தது. கடைசியில், உனக்கென்று வாங்கி வைத்த பவுடர் டப்பாவைக் காணவில்லை. காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கத் தூவுவதற்குக் கொண்டு போயிருக்கிறார். மார்ட்டினா மணந்து பார்த்துவிட்டு, இது பிள்ளை மணக்கிறதே என்று சிரித்துத் திருப்பி அனுப்பிவிட்டாளாம். அதைச் சொல்லி அவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நீ இன்னும் பிறக்கவில்லை, உன் சாமானிலும் அந்த மான் வாய் வைத்துவிட்டது என்று நினைத்தேன்.

அன்றைக்கே தெருமுனை டெலிபோன் பெட்டிக்குப் போய் பிராங்பேர்ட்டில் இருக்கிற என் அக்காவுக்கு எடுத்தேன். "பெட்டியைக் கட்டு, ரெயிலைப் பிடி, பிள்ளை இஞ்சை பிறக்கட்டும். மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றா. மிச்சம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். போனால் கெதியில் திரும்ப விட மாட்டா. நானும் திரும்பி வர விரும்பாமல் போகலாம். நீலப் பையில் என் உடுப்புகளையும் உன் சின்னச் சட்டைகளையும் அடுக்கிக் கதவுக்குப் பின்னால் வைத்தேன். இரவு அவர் வந்ததும் சொன்னேன்.

"நான் அக்காட்டைப் போறன். பிள்ளை அங்கை பிறக்கட்டும்."

"ஏன்?"

ஏன் என்பதற்குப் பதில் என்னிடம் நிறைய இருந்தது. வாயைத் திறக்க முதல், "சரி, யோசிப்பம்" என்று சொல்லிவிட்டு ஜக்கெற்றை எடுக்க நிலவறைக்கு இறங்கிவிட்டார். துடைத்த நிலத்தில் பிறை மட்டும் கிடந்தது. திங்கட்கிழமை ரெயிலில் போவது என்று முடிவெடுத்தேன்.

சனிக்கிழமை பின்னேரம் மார்ட்டினா வந்தாள். கதவுக்குப் பின்னால் இருந்த பையைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு விளங்குகிற மாதிரி மெல்ல மெல்ல, நாளைக்கு நீயும் எங்களோடு வா என்றாள். உன் அப்பா பதறிப்போனார். "இவ வரேலாது. வயிறு, நடக்கேலாது, தலையிலை எண்ணெய்..." மார்ட்டினா கையால் மறித்தாள். காற்று எங்களுக்கு வந்தால் மனிதர் எப்படி மணந்தாலும் பரவாயில்லை, அது மானுக்குப் போகாது என்றாள். நான் ஓம் என்று தலையாட்டினேன். ஆசையால் இல்லை, மகனே. போவதற்கு முதல், என்னுடைய இடத்தில் இருக்கிறது எப்படிப்பட்டது என்று ஒருதரம் பார்த்துவிட வேணும் போலிருந்தது.

விடிய இருட்டோடு ஓடைக்கரையால் சுற்றிப் போனோம். எனக்காக அவர்கள் நின்று நின்று நடந்தார்கள். அன்றைக்கும் மான் வரவில்லை. வெளிச்சம் வந்த பிறகு உப்பைப் பார்க்கப் போனோம். கட்டியில் ஒரு நாக்கும் பட்ட அடையாளம் இல்லை. மார்ட்டினா இடுப்பில் கை வைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். அவருக்கு முகம் வாடிப்போனது. நான் தள்ளி நின்று நிலத்தைப் பார்த்தேன், வெட்கம் வந்தால் நான் பார்க்கிற இடம் அதுதானே. சேற்றில் மான்களின் தடம் பழசாகிக் காய்ந்து கிடந்தது. அதன் குறுக்கே, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு, ஒன்றுக்கு மேல் ஒன்றாக மனிதச் சப்பாத்துத் தடங்கள். சில பழையவை, சில புதிசு. வலது குதியில் பிறை.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. கையை நீட்டினேன். இந்த நாட்டில் பிறத்தியாருக்கு முன்னால் நான் வாய்விட்டுச் சொன்ன முதல் ஜெர்மன் வசனம் அதுதான்: "ஏர் கேட் ஹியர்." இவர் இதாலை போறார்.

மார்ட்டினா குனிந்து பார்த்தாள். பிறகு அவருடைய காலைத் தூக்கச் சொல்லிக் குதியைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டு மரத்தோடு சாய்ந்து சிரித்தாள், கண்ணால் தண்ணி வரும்வரை. அவருடைய காது சிவந்துவிட்டது.

"வேலையாலை வரேக்கை உப்பு இருக்கோ எண்டு ஒருக்காப் பாக்கிறனான்" என்றார் தமிழில், என்னிடம். "இதாலை வந்தாக் கிட்ட. ஓடையாலை சுத்த நேரம் போகும்."

"ஒவ்வொரு நாளும் வாறனீங்களோ?"

"ஒவ்வொரு நாளும் எண்டில்லை."

"என்ரை கறி இல்லை" என்றேன். "என்ரை எண்ணெயும் இல்லை. பிள்ளையின்ரை பவுடரும் இல்லை. நீங்கள்தான். வீட்டிலையும் இப்பிடித்தான் நடக்கிறனீங்கள்."

  திரும்பி வரும்போது, ஓடைக்கரையில், அவர் எனக்குப் பின்னால் நடந்து வந்தார்.

திங்கட்கிழமை ரெயிலை விட்டுவிட்டேன். அக்கா டெலிபோனில் ஏசினா. மானைப் பார்க்காமல் போனால் எனக்கு ஆயுள் முழுக்க அதே பொறாமையாய் இருக்கும் என்று அவவுக்குச் சொல்ல வெட்கமாயிருந்தது, கால் வீங்கியிருக்கு என்று சொன்னேன். பை கதவுக்குப் பின்னாலேயே இருந்தது. அவர் உப்புப் பார்க்கப் போவதை நிறுத்திவிட்டார். இரண்டு தரம் நல்ல மழை பெய்து எல்லாத் தடத்தையும் கழுவியது. மார்ட்டினா இப்போது போகலாம் என்ற வாரம், சனிக்கிழமை நான் யன்னலைப் பூட்டிக்கொண்டு தூள் வறுத்தேன். இரண்டு மடங்கு வறுத்தேன். தலைக்கு எண்ணெய் சொட்டச் சொட்ட வைத்தேன். அவர் தும்மினார். கறியும் சாப்பிட்டார்.

ஞாயிறு விடிய, கொப்புகளால் கட்டிய மறைப்புக்குப் பின்னால் மூன்று பேரும் இருந்தோம். காற்று எங்கள் முகத்தில் அடித்தது. வெளிச்சம் சாம்பல் நிறமாய் வந்தபோது பற்றைக்குள் ஏதோ அசைந்தது. ஒரு பெண் மான். தன் தடத்தால் நடந்து வந்தது, நின்றது, மூக்கைத் தூக்கியது. யாரும் கூப்பிடவில்லை, யாரும் துரத்தவில்லை. தானாகத் தலையைத் திருப்பி, இரண்டு எட்டு விலகி, அடிமரத்துக்கு வந்து நக்கத் தொடங்கியது. அதன் நாக்குச் சத்தம் எனக்குக் கேட்டது. மார்ட்டினா மெல்ல எழுந்து, வெறும் நாணைக் கன்னம்வரை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். உண்மையைச் சொல்கிறேன், அது அப்படியொன்றும் அழகி இல்லை. பனிக்கால உரோமம் கொட்டித் திட்டுத் திட்டாய், கந்தல் கம்பளி போர்த்தியது போலிருந்தது. என்னைவிட வடிவில்லை. நான் பக்கத்தில் இருந்த உன் அப்பாவைப் பார்த்தேன். அவர் மூச்சையே மறந்திருந்தார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கண் நிறைந்திருந்தது. என்னை ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு எழும்பிக் கை தட்டி அதைத் துரத்த வேணும் போல் வந்தது. கை இரண்டும் மடியில்தான் இருந்தது. ஒரு தட்டுப் போதும். அந்த நேரம் பார்த்து நீ உதைத்தாய். நான் என்னையறியாமல் மூச்சை இழுத்துவிட்டேன். மான் நிமிர்ந்து நேரே எங்கள் பக்கம் பார்த்தது. நான் கையைத் தட்டவில்லை. அது கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடியும் நக்கியது. மார்ட்டினா நாணைத் தளர்த்தி இறக்கினாள். அது முடித்துக்கொண்டு தன் வழியில் நடந்து போனது.

அன்று பின்னேரம் நான் குசினியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். படியில் அவர் ஏறிவருகிற சத்தம் கேட்டது. வழக்கமான சத்தம் இல்லை. நிமிர்ந்து பார்த்தால், வாசல்படிக்கு வெளியே, சப்பாத்து இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு, காலில் வெறும் மேசோடு நிற்கிறார்.

"காஞ்சிட்டுதோ?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் உடனே வரவில்லை. எனக்கு ஒரு நாளும் வராதுதானே. அவர் நின்றார். நான் வாளியைத் தூக்கி வைத்தேன், துணியைப் பிழிந்தேன், அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணி வைத்தேன். தண்ணி கொதித்து, நான் தேத்தண்ணி போட்டு, அது ஆறுகிற வரைக்கும் அவர் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. நிலம் எப்போதோ காய்ந்துவிட்டது.

"இன்னும் இல்லை" என்றேன்.

"ஓம், நிக்கிறன்" என்றார்.

இரவு நீலப் பையை எடுத்து, பிராங்பேர்ட்டுக்கு என்று அடுக்கிய உடுப்புகளில் பாதியை வெளியே எடுத்தேன். இப்போது அது ஹம் ஆஸ்பத்திரிக்குப் போகிற பை. உன் பவுடரை மேலாக வைத்திருக்கிறேன்.

பொறாமை போய்விட்டது என்று நினைக்காதே. அவர் இன்னும் ஞாயிறு விடிய எழும்பினால் எனக்கு உள்ளுக்குள் ஒன்று சுருக்கென்று குத்துகிறது. ஆனால் அந்தக் குத்தல்தான் என் வாயைத் திறந்தது, அதனால் அதை நான் முழுக்க வையவும் மாட்டேன். உனக்குச் சொல்வது இதுதான். நீயும் ஒருநாள் யாரையோ அப்படி மூச்சை மறந்து பார்ப்பாய். அவளுக்கு என்று ஒரு நடை, ஒரு வழி இருக்கும். அதற்குக் குறுக்கே போகாதே. நேரம் போனாலும் ஓடைக்கரையால் சுற்றிப் போ. அவள் வரவில்லை என்றால் அவளுடைய சமையலையும் எண்ணெயையும் குறை சொல்ல முதல் உன் சப்பாத்தின் அடியைத் திருப்பிப் பார். அவளைக் கூட்டிக்கொண்டு நீ என் வாசலுக்கு வருகிற நாளில் நான் பொறாமைப்படுவேன். கட்டாயம் படுவேன், இப்போதே சொல்லி வைக்கிறேன். அன்றைக்கும் நான் நிலத்தைத் துடைத்து வைத்திருப்பேன். காய்ந்துவிட்டதா என்று வாசலில் நின்று கேள். எனக்கு உடனே பதில் வராது.

நில், ராசா.

உன் அம்மா